ஆஸ்பத்திரிக் கொமிட்டி எதைக் கேட்க வேண்டும்?



கொழுந்து நிறுக்கும் இடத்தில் நம் பெண்கள் எப்படி நிற்பார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சாக்கைத் தராசில் மாட்டினால் கண் முள்ளை விட்டு நகராது. "தண்ணிக்கு எத்தனை கழிக்கிறீங்க, சாக்குக்கு எத்தனை?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த ஆளுக்கு இடம் விடுவார்கள். ஒரு கிலோ குறைந்தாலும் அன்று மாலை லயம் முழுக்க அதே பேச்சு. தலைவர் வீட்டுக் கதவு தட்டப்படும். மறுநாள் காலை பெரட்டுக்களத்தில் துரையிடம் கேள்வி போகும். இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் அந்தத் தராசை ஓரளவுக்காவது நேராக வைத்திருக்கிறோம்.

அதே பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் வாய் அடைத்துவிடுகிறது. ஊசி எதற்குப் போட்டார்கள், மருந்து ஏன் மாறியது, காலையில் கொண்டுபோன பிள்ளையை டொக்டர் பின்னேரம் வரை ஏன் பார்க்கவில்லை என்று கேட்பதில்லை. கேட்டால் ஏசுவார்கள் என்ற பயம் ஒரு பக்கம். கேட்க நமக்கு என்ன தெரியும் என்ற கூச்சம் மறுபக்கம். கிலோவுக்கு நாம் கொடுக்கும் கவனத்தை உயிருக்குக் கொடுக்க என்ன வழி என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் இருக்கும் கொமிட்டி கட்டடத்தைக் கேட்பதோடு நிற்காமல், உள்ளே நடக்கும் வைத்தியத்தையும் கேட்க வேண்டும். அந்தக் கொமிட்டியில் நம் ஆட்கள் உட்கார வேண்டும்.

இதைக் குச்சவெளியிலிருந்து எழுதுகிறேன். 1977க்கும் 1983க்கும் பிறகு மலையை விட்டு இறங்கிய குடும்பங்கள் திருகோணமலை, வவுனியா, முல்லைத்தீவு என்று பல பக்கமும் போய்க் குடியேறின. அப்படி வந்த என் சொந்தக்காரர்கள் இந்தக் கடற்கரைப் பக்கமும் இருக்கிறார்கள். நான் படிப்பிப்பது தோட்டப் பாடசாலையில். லீவு கிடைத்தால் வருவது இங்கே. இங்கே கொழுந்து கிடையாது. மீன் பிடிக்கிறார்கள், வயல் செய்கிறார்கள், உப்பளத்தில் கூலிக்குப் போகிறார்கள். மேலே புல்மோட்டையில் இல்மனைட் மணல் வேலை இருக்கிறது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே றோட்டில் பஸ் ஏறுகிறார்கள். வருத்தம் கடுமையானால் எல்லோருக்கும் கதி திருகோணமலைப் பெரியாஸ்பத்திரி. குச்சவெளியிலிருந்து அது முப்பது கிலோமீற்றருக்கும் மேல். லயத்திலிருந்து நுவரெலியாவுக்கோ பதுளைக்கோ ஆளைக் கொண்டுபோவதும் இங்கிருந்து திருகோணமலைக்குக் கொண்டுபோவதும் தூரக் கணக்கில் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் இங்கே இருப்பவர்களுக்கும் அங்கே இருப்பவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

கொமிட்டி என்ன பேசுகிறது?

நம் நாட்டில் சபை வைத்து நிருவாகம் செய்யும் அரசாங்க ஆஸ்பத்திரி மிகக் குறைவு. ஸ்ரீ ஜயவர்தனபுர பொது வைத்தியசாலைக்குச் சட்டப்படி ஒரு சபை இருக்கிறது. மற்ற ஆஸ்பத்திரிகள் சுகாதார அமைச்சுக்குக் கீழேயோ, மாகாண சபைக்கும் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கும் கீழேயோ இயங்குகின்றன. ஊர் மக்கள் கால் வைக்கக்கூடிய ஒரே இடம், அபிவிருத்திக் குழு என்றும் நலன்புரிச் சங்கம் என்றும் ஊருக்கு ஊர் பெயர் மாறும் அந்தக் கொமிட்டிதான். பொறுப்பு வைத்திய அதிகாரி இருப்பார். கடைக்காரர், ஓய்வுபெற்ற அதிபர், கோயில் தலைவர், பள்ளிவாசல் தலைவர் இருப்பார்கள். நல்ல மனிதர்கள். சொந்தக் காசையும் போட்டு ஆஸ்பத்திரிக்கு உழைப்பவர்கள். அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை.

ஆனால் அங்கே பேசப்படுவதைக் கவனியுங்கள். அப்படி ஒரு கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை. தண்ணீர்த் தாங்கி, வார்ட்டுக்கு மின்விசிறி, மதிலுக்குப் பெயின்ட், வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் அனுப்பும் சக்கர நாற்காலி, அடுத்த சிரமதானத் திகதி, மாற்றலாகிப் போகும் டொக்டருக்குப் பொன்னாடை. ஒன்றரை மணித்தியாலம் போனது. கடைசியில் ஓர் அம்மா எழுந்தார். "சேர், என்ர மருமகளுக்கு ஒபரேஷன் செஞ்ச புண்ணு மறுபடி மறுபடி சீழ் புடிக்குது. பக்கத்து கட்டில்ல இருந்த பிள்ளைக்கும் அப்படித்தானாம். அது ஏன் சேர்?" என்று கேட்டார். கூட்டம் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தது. பிறகு தலைவர், "அம்மா, அது தனிப்பட்ட விஷயம். கூட்டம் முடிஞ்ச பிறகு டொக்டரைச் சந்திங்க" என்று சொல்லி நன்றியுரைக்குப் போனார்.

அன்றைக்கு அந்த அறையில் கேட்கப்பட்டவற்றில் ஆஸ்பத்திரியின் வேலையைப் பற்றிய கேள்வி அது ஒன்றுதான். ஒரே வார்ட்டில் இரண்டு தாய்மாருக்குப் புண் சீழ் பிடித்தால் அது எப்படித் தனிப்பட்ட விஷயமாகும்? கருவி சரியாக அவிக்கப்படாமல் இருக்கலாம். கை கழுவத் தண்ணீரோ சவர்க்காரமோ இல்லாமல் இருக்கலாம். ஒரே நர்ஸ் இரண்டு வார்ட்டைப் பார்த்துக்கொண்டு ஓடலாம். காரணம் எதுவானாலும் அது மூன்றாவது தாய்க்கும் காத்திருக்கும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கின்படி, வைத்தியம் பெறும் பத்துப் பேரில் ஒருவருக்கு அந்த வைத்தியத்தினாலேயே ஏதாவது பாதிப்பு வருகிறது. அதில் பாதிக்கு மேல் தவிர்க்கக்கூடியது. இதற்காகவே 2019 முதல் ஒவ்வொரு வருடமும் செப்டெம்பர் 17ஆம் திகதியை நோயாளர் பாதுகாப்பு தினமாக அனுசரிக்கிறார்கள். உலகமே பொது விஷயமாக எடுத்துக்கொண்ட ஒன்றை நாம் மட்டும் கூட்டம் முடிந்த பிறகு தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

நுவரெலியாவில் நடந்தது

2023 ஏப்ரல் மாதம் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையில் கண் வெண்புரைக்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட சிலருக்குப் பார்வை போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சத்திரசிகிச்சைக்குப் பிறகு கண்ணில் விட்ட பிரட்னிசொலோன் துளி மருந்தின் மீது சந்தேகம் விழுந்தது. இந்தியாவிலிருந்து இறக்குமதி செய்யப்பட்ட அந்த மருந்து பாவனையிலிருந்து நிறுத்தப்பட்டது. பார்வை தெளிய வேண்டும் என்று போனவர்கள் இருந்த பார்வையையும் இழந்து வந்தார்கள்.

அதே வருடம்தான் இமியூனோகுளோபியூலின் ஊசிமருந்து விவகாரமும் வெளியே வந்தது. போலி ஆவணங்களை வைத்துத் தரமில்லாத மருந்து வாங்கப்பட்டது என்று வழக்கு. அப்போது சுகாதார அமைச்சராக இருந்த கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரியில் கைது செய்யப்பட்டார். வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. மருந்தைப் பதிவு செய்யவும் தரம் பார்க்கவும் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குறுத்துகை அதிகாரசபை என்று ஒன்று கொழும்பில் இருக்கிறது. அமைச்சு இருக்கிறது. இத்தனையும் இருந்தும் கெட்ட மருந்து வார்ட் வரைக்கும் வந்தது. பொருளாதார நெருக்கடியைக் காட்டிப் பதிவில்லாத மருந்துகளுக்கும் விதிவிலக்குக் கொடுத்த காலம் அது. மேலே கதவு திறந்து கிடந்தால் கீழேதான் பிடிக்க வேண்டும். நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, இந்த மருந்து போட்ட பிறகு மூன்று பேருக்கு உடம்பு மாறியிருக்கிறது என்று பார்த்து எழுதி மேலே அறிவிக்கும் ஆஸ்பத்திரிதான் நான்காவது ஆளைக் காப்பாற்றும்.

ஊர்க் கொமிட்டியால் மருந்தைப் பரிசோதிக்க முடியாது. அதற்கு ஆய்வுகூடம் வேண்டும். ஆனால் ஒரு கொமிட்டி கேட்கக்கூடியது நிறைய இருக்கிறது. மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனால் எழுதிவைக்கப் புத்தகம் உண்டா? போன மாதம் எத்தனை எழுதினீர்கள்? மேலே அறிவித்தீர்களா, பதில் வந்ததா? ஒரு மருந்தை நிறுத்தச் சொல்லிக் கடிதம் வந்தால், ஏற்கெனவே அதை வீட்டுக்குக் கொண்டுபோனவர்களுக்கு யார் சொல்வது, எந்தப் பாஷையில் சொல்வது? இவற்றைக் கேட்க டொக்டர் பட்டம் தேவையில்லை.

பாஷையைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி என்று 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்திலேயே எழுதியாகிவிட்டது. இன்றும் நம் ஆட்கள் பலர் மருந்துப் பைக்கட்டில் எழுதியிருப்பதை வாசிக்க முடியாமல், வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடமோ அடுத்த லயத்தில் சிங்களம் தெரிந்தவரிடமோ காட்டுகிறார்கள். ஒரு வேளை மருந்து மூன்று வேளையாகிப் போவது இப்படித்தான். மொழி உரிமையை மேடைப் பேச்சாக மட்டும் வைத்திருக்கிறோம். மருந்துப் பைக்கட்டில் அது உயிர் விஷயம்.

சபை இருந்தும் செத்தார்கள்

சபை ஒன்று வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இங்கிலாந்தில் ஸ்டாஃபர்ட் என்று ஓர் ஊர். அந்த ஊர் ஆஸ்பத்திரிக்குச் சம்பளம் வாங்கும் பணிப்பாளர்களும் வெளி ஆட்களும் சேர்ந்த முழுமையான சபை இருந்தது. கணக்குக்கு மேல் கணக்கு வைத்திருந்தார்கள். 2005க்கும் 2009க்கும் இடையில் அங்கே நோயாளர்கள் அழுக்கான படுக்கை விரிப்பிலேயே மணிக்கணக்கில் கிடந்தார்கள். குடிக்கத் தண்ணீர் கைக்கு எட்டாமல் தவித்தார்கள். அவசரப் பிரிவுக்கு வந்தவர்களில் யாரை முதலில் பார்ப்பது என்பதை வைத்தியம் படிக்காத வரவேற்பாளர்கள் தீர்மானித்தார்கள். அந்தக் காலத்தில் சபையின் கவனமெல்லாம் செலவைக் குறைத்து, ஆஸ்பத்திரிக்கு ஓர் உயர்ந்த அந்தஸ்து வாங்குவதில் இருந்தது. செலவைக் குறைக்க ஆட்களைக் குறைத்தார்கள். 2008இல் கேட்ட அந்தஸ்தும் கிடைத்தது.

அதை வெளியே கொண்டுவந்தவர்களில் முன்னுக்கு நின்றவர் அந்த ஆஸ்பத்திரியில் தாயை இழந்த ஜூலி பெய்லி என்ற பெண். தன்னைப் போல் இழந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு போராடினார். கடைசியில் ரொபர்ட் பிரான்சிஸ் என்ற சட்டத்தரணியின் தலைமையில் பகிரங்க விசாரணை நடந்தது. 2013 பெப்ரவரியில் 290 பரிந்துரைகளோடு அறிக்கை வந்தது. சபை நோயாளரின் குரலைக் கேட்கவில்லை, வேலையாட்கள் சொன்ன எச்சரிக்கையையும் கேட்கவில்லை என்று அதில் சொல்லப்பட்டது. நமக்கு முக்கியமான இன்னொன்றும் அதில் உண்டு. பொதுமக்களின் பெயரில் ஆஸ்பத்திரியைக் கண்காணிக்க அமைக்கப்பட்டிருந்த உள்ளூர்க் குழுக்களும் தோற்றுப்போயின. அவற்றில் ஒன்று தனக்குள் யார் பெரியவர் என்று சண்டை போட்டே காலத்தைக் கழித்தது. இதை வாசிக்கும்போது நம் ஊர்ச் சங்கங்கள் ஞாபகத்துக்கு வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

பணக்கார நாட்டிலேயே இப்படி என்றால் நாம் எம்மாத்திரம் என்று சிலர் கேட்பார்கள். நான் எடுக்கும் பாடம் வேறு. சபை காசுக் கணக்கைக் கேட்டது, அதனால் காசுக் கணக்கு வந்தது. நோயாளிக்கு என்ன நடந்தது என்று கேட்கவில்லை, அதனால் அந்த விவரம் வரவே இல்லை. நம் கொமிட்டி மின்விசிறியைக் கேட்கிறது, மின்விசிறி வருகிறது.

நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் உண்டு

கேட்டால் பலன் கிடைக்கும் என்பதற்கு வெளிநாடு போகத் தேவையில்லை. பிள்ளைப்பேற்றில் தாய் இறப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 1930களில் இலங்கையில் ஒரு இலட்சம் பிறப்புக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். அண்மைக் காலத்தில் அது பல மடங்கு குறைந்திருக்கிறது. குடும்பநல மாது வீடு வீடாகப் போனதும், பிரசவம் ஆஸ்பத்திரிக்கு வந்ததும், பெண் பிள்ளைகள் படித்ததும் பெரிய காரணங்கள். இன்னொரு காரணத்தைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. இந்த நாட்டில் எந்த மூலையில் ஒரு தாய் இறந்தாலும் அதை அறிவித்தே ஆக வேண்டும். வீட்டில் என்ன நடந்தது, வழியில் என்ன நடந்தது, ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்று விசாரிக்கிறார்கள். குடும்ப சுகாதாரப் பணியகம் அவற்றை எடுத்து, நாட்டளவில் வைத்திய நிபுணர்களோடு உட்கார்ந்து ஒவ்வொரு மரணத்தையும் ஆராய்கிறது. யாரைப் பிடித்து அடைப்பது என்று பார்ப்பதற்கல்ல அந்தக் கூட்டம். எந்த இடத்தில் தாமதித்தது, அடுத்த தாய்க்கு அந்தத் தாமதம் வராமல் எதை மாற்றலாம் என்று பார்ப்பதற்கு.

கடல் தாண்டித் தமிழ்நாட்டில் இன்னும் ஒரு படி போயிருக்கிறார்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையில் இப்படியான மரணங்களை ஆராயும்போது இறந்தவரின் குடும்பத்தாரையும் அழைத்து, அவர்கள் சொல்வதையும் கேட்கிறார்கள். கூலி வேலை செய்யும் புருஷனும் மாமியாரும் ஆட்சியருக்கு முன்னால் உட்கார்ந்து, எத்தனை மணிக்கு வண்டி வந்தது, எத்தனை மணிக்கு டொக்டர் வந்தார் என்று சொல்கிறார்கள். பதிவேட்டில் இருக்கும் நேரமும் அவர்கள் சொல்லும் நேரமும் ஒத்துவராவிட்டால் அங்கேயே தெரிந்துவிடும்.

தாய்மாருக்குச் செய்வதை மற்றவர்களுக்கும் செய்தால் என்ன? பாம்பு கடித்துக் கொண்டுவந்து இறந்தவர், நெஞ்சு வலியோடு வந்து திருப்பி அனுப்பப்பட்டவர், காய்ச்சலுக்கு மருந்து எடுத்துப் போய் மூன்றாம் நாள் வலிப்போடு திரும்பிய பிள்ளை. இவர்களுக்கும் நேரக் கணக்கு உண்டு. கேட்பதற்கு ஆள்தான் இல்லை.

"படிக்காத ஆட்களுக்கு என்ன தெரியும்?"

இதை எழுதத் தொடங்கியபோதே எனக்கு வந்த பதில் இது. வைத்தியத்தைக் கொமிட்டிக்காரர் எப்படி மதிப்பிடுவது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. எந்த மருந்து கொடுப்பது, எப்போது வெட்டுவது என்று கொமிட்டி சொல்லக் கூடாது. அது டொக்டரின் வேலை. தொழிற்சாலையில் தேயிலை எப்படி வாடுகிறது என்று தெரியாத ஆளுக்கும், தன் சாக்கில் எத்தனை கிலோ கழிந்தது என்று கேட்க உரிமை இருக்கிறது அல்லவா? எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை பேருக்குப் புண் சீழ் பிடித்தது, எந்த மருந்து எத்தனை நாள் இல்லாமல் இருந்தது, போன கூட்டத்தில் சொன்னது செய்யப்பட்டதா என்று கேட்க எண்ணத் தெரிந்தால் போதும். போன மாதத்தைவிட இந்த மாதம் கூடியிருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் படித்தவர். கேட்பவர் படித்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

இன்னொரு பயமும் உண்டு. "அதிகம் கேட்டால் இருக்கிற டொக்டரும் மாற்றல் வாங்கிப் போய்விடுவார்." 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனை டொக்டர்மாரும் நர்ஸ்மாரும் நாட்டை விட்டுப் போனார்கள் என்று பார்த்தவர்களுக்கு இந்தப் பயம் வரத்தான் செய்யும். நாமும் தொழிலாளர். இரவு முழுக்க ஒரு ஆள் இரண்டு ஆள் வேலை செய்தால் பிழை வரும் என்று நமக்குத் தெரியும். அதனால் கேள்வி ஆளைப் பிடித்துக் கேட்பதாக இருக்கக் கூடாது, வேலை நடக்கும் விதத்தைக் கேட்பதாக இருக்க வேண்டும். இரவில் எத்தனை நர்ஸ் இருக்க வேண்டும், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கொமிட்டி கேட்டு எழுதி மேலே அனுப்பினால், அது அந்த நர்ஸுக்கும் சாதகம்தான். தன் பிழையைத் தானே சொல்லும் வேலையாளைத் தண்டிக்கும் இடத்தில் எல்லாப் பிழையும் மறைக்கப்படும். நோயாளியை அடிப்பதும், டொக்டரைத் தூஷணத்தால் ஏசுவதும், வார்ட்டில் நின்று கைத்தொலைபேசியில் வீடியோ எடுப்பதும் கண்காணிப்பு ஆகாது. அந்தப் பழக்கத்தை நம் ஆட்களும் விட வேண்டும்.

ஐந்து கேள்விகள்

கொமிட்டிக் கூட்டத்துக்குப் போகும் நம் ஆள் கையில் கொண்டுபோக வேண்டிய கேள்விகளை இங்கே தருகிறேன். வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: போன கூட்டத்துக்குப் பிறகு இங்கே எத்தனை பேர் இறந்தார்கள்? இங்கிருந்து பெரியாஸ்பத்திரிக்கு மாற்றி அனுப்பியவர்களில் எத்தனை பேர் இறந்தார்கள்? அவற்றில் எத்தனை மரணத்தை உட்கார்ந்து ஆராய்ந்தீர்கள், எதை மாற்றினீர்கள்?

இரண்டு: அவசரமாக வந்தவரை டொக்டர் பார்க்க எவ்வளவு நேரம் எடுத்தது? மாற்றி அனுப்பச் சொன்ன நேரத்துக்கும் வண்டி வெளிக்கிட்ட நேரத்துக்கும் இடையில் எவ்வளவு? 1990 அம்பியுலன்ஸ் வர எவ்வளவு நேரம் எடுக்கிறது?

மூன்று: உயிர் காக்கும் மருந்துகளில் எது எத்தனை நாள் இல்லாமல் இருந்தது? பாம்புக்கடி மருந்து, விசர்நாய்க்கடி ஊசி, அட்ரினலின், இன்சுலின், ஒக்சிசன். வெளியே வாங்கச் சொல்லி எத்தனை பேருக்குத் துண்டு எழுதினீர்கள்?

நான்கு: சத்திரசிகிச்சைப் புண்ணும் பிரசவப் புண்ணும் எத்தனை பேருக்குச் சீழ் பிடித்தது? துண்டு வெட்டி அனுப்பிய எத்தனை பேர் அதே வருத்தத்தோடு திரும்பி வந்தார்கள்? கை கழுவ ஒவ்வொரு வார்ட்டிலும் தண்ணீரும் சவர்க்காரமும் இருக்கிறதா?

ஐந்து: எத்தனை முறைப்பாடு வந்தது, எத்தனைக்குப் பதில் கொடுத்தீர்கள்? முறைப்பாட்டைத் தமிழில் கொடுக்கவும் தமிழில் பதில் வாங்கவும் முடிகிறதா?

இந்தக் கணக்குகளில் அநேகமானவை ஏற்கெனவே எங்கேயோ ஒரு புத்தகத்தில் எழுதப்படுகின்றன. பெரிய ஆஸ்பத்திரிகளில் தர முகாமைத்துவப் பிரிவு என்றே ஒன்று இருக்கிறது. புதிதாக ஆள் போடவோ காசு ஒதுக்கவோ தேவையில்லை. எழுதியதைக் கூட்டத்தில் வாசித்து, விளம்பரப் பலகையில் மூன்று பாஷையிலும் ஒட்டினால் போதும். யாருடைய பெயரும் வேண்டாம். தொகை மட்டும் போதும். நோயாளியின் இரகசியம் நோயாளிக்குச் சொந்தம்.

தோட்டத்து டிஸ்பென்சரி

இனி மலைக்கு வருவோம். 1912இலேயே தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கென்று வெள்ளைக்காரன் ஒரு சட்டம் போட்டான். நம் மீது பாசம் வந்து போட்டதல்ல. ஆள் செத்தால் கொழுந்து எடுக்க ஆள் இல்லை. 1970களில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. 1992இல் நிருவாகம் கம்பனிகளுக்குப் போனது. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பேற்கும் வேலை 1990களில் தொடங்கியும் இன்னும் முடிந்தபாடில்லை. அதனால் பல தோட்டங்களில் இன்றைக்கும் தோட்ட வைத்திய உதவியாளர் ஒருவரும் ஒரு மருந்து அலுமாரியும்தான். அவருக்கு மேலே கம்பனி. அந்த அலுமாரியைத் திறந்து பார்க்க ஊர்க் கொமிட்டி கூடக் கிடையாது.

குளவியை எடுத்துக்கொள்ளுங்கள். மலையில் குளவி கலைந்து கொழுந்து எடுக்கும் பெண்களைக் கொட்டியது என்ற செய்தி வராத வருடம் உண்டா? குளவி விஷம் ஒத்துக்கொள்ளாமல் மூச்சு அடைத்தால் முதலில் போட வேண்டியது அட்ரினலின் ஊசி. தொடைச் சதையில், சில நிமிடங்களுக்குள் போட வேண்டும். லொறியில் ஏற்றி மேடு பள்ளத்தில் ஒரு மணித்தியாலம் கொண்டுபோன பிறகு போட்டால் பலருக்கு நேரம் கடந்துவிடும். ஆகவே தோட்டத் தலைவர் கேட்க வேண்டிய கேள்வி மிகச் சின்னது. நம் டிஸ்பென்சரியில் அட்ரினலின் இருக்கிறதா, அதன் காலாவதித் திகதி என்ன, ஞாயிற்றுக்கிழமையும் இரவிலும் அதைப் போட யார் இருக்கிறார்? செத்த பிறகு நட்டஈடு கேட்டு நிற்பது ஒரு வேலை. சாகாமல் இருக்க மாதத்துக்கு ஒரு தடவை அலுமாரியைத் திறந்து பார்ப்பது அதைவிட முக்கியமான வேலை.

நாம் ட்ரஸ்ட் என்று சொல்லும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் அரசாங்கம், கம்பனி, தொழிற்சங்கம் என்று மூன்று தரப்பும் சேர்ந்தது. அதாவது தோட்டத்துச் சுகாதாரத்தைப் பற்றிப் பேசும் மேசையில் தொழிற்சங்கங்களுக்கு ஏற்கெனவே கதிரை இருக்கிறது. வீட்டுத் திட்டத்தில் எத்தனை வீடு, யாருக்கு வீடு என்று அந்தக் கதிரையிலிருந்து சத்தமாகக் கேட்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும். அதோடு சேர்த்து எத்தனை டிஸ்பென்சரியில் ஆள் இல்லை, எத்தனை அலுமாரியில் மருந்து இல்லை, போன வருடம் தோட்டங்களில் இறந்த எத்தனை பேருடைய மரணம் ஆராயப்பட்டது என்றும் கேட்க வேண்டும். பதிலை நமக்கு எழுத்தில் தர வேண்டும். நம் சந்தாவிலிருந்து நாம் எதிர்பார்ப்பது அதுவும்தான்.

செய்ய வேண்டியது

சங்கத்தின் முன்னால் மூன்று யோசனைகளை வைக்கிறேன்.

முதலாவது, நம் அங்கத்தவர்கள் போகும் ஒவ்வொரு அரசாங்க ஆஸ்பத்திரியின் கொமிட்டியிலும் தொழிலாளர் பிரதிநிதி இரண்டு பேர் வேண்டும். அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக் வரிசையில் நிற்பவர் அவர்தான். வார்ட்டில் இரவு முழுக்கக் கண் விழிப்பவரும் அவர்தான். குச்சவெளி போன்ற இடங்களில் மூன்று சமூகத்து ஆட்களும் அதில் இருக்க வேண்டும். தொற்றுக் கிருமி இனம் பார்த்து வருவதில்லை. ஒரு சமூகம் மட்டும் கேட்டால் அது அரசியலாகிவிடும். மூன்றும் சேர்ந்து கேட்டால் அது ஆஸ்பத்திரி விஷயமாக இருக்கும்.

இரண்டாவது, கணக்குக் கொடுக்க மறுத்தால் சண்டை வேண்டாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஆஸ்பத்திரியை நடத்தும் அரச நிறுவனத்தின் தகவல் அதிகாரிக்குத் தமிழிலேயே விண்ணப்பம் எழுதலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கொடுப்பதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு, அதற்கு மேல் ஆணைக்குழு உண்டு. விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்கத் தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள் முன்வர வேண்டும். என் பெயரை முதலில் போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, தோட்டக் கமிட்டி ஒவ்வொன்றும் ஒரு கொப்பி போட வேண்டும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஒவ்வொருவருக்கும் நான்கு விவரம் எழுதினால் போதும். வருத்தம் தொடங்கிய நேரம், வண்டி கிடைத்த நேரம், டொக்டர் பார்த்த நேரம், முடிவு. ஓ.எல். படித்த பிள்ளை ஒன்று இல்லாத லயம் இன்றைக்கு இல்லை. அந்தப் பிள்ளையிடம் கொப்பியைக் கொடுங்கள். ஆறு மாதத்தில் அந்தக் கொப்பி என்ன சொல்கிறது என்று பாருங்கள். பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டு கொமிட்டிக்கும் துரைக்கும் பணிப்பாளருக்கும் முன்னால் பேசலாம்.

அடுத்த மாதச் சங்கக் கூட்டத்தில் இந்த யோசனைகளை எடுப்பதாகச் செயலாளர் சொல்லியிருக்கிறார். வரும்போது உங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியில் அட்ரினலின் இருக்கிறதா, அதன் காலாவதித் திகதி என்ன என்று பார்த்து ஒரு துண்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். கூட்டத்தில் முதல் வேலையாக அந்தத் துண்டுகளை வாசிப்போம்.